காப்பார் பெயர் எழுதப்பட வேண்டும்

தொன்மை இடங்களைப் பேணுதலும் முன்மொழிதலும்: இல்லந்தோறும் படிக்கத்தக்க ஒரு பாடம்

(ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஆசிரியை, களமருதூர்)



நம் முன்னோர் தவமியற்றிய குகைகளும், அவர்கள் வழிபட்ட ஜினாலயங்களும், அவற்றைத் தாங்கி நிற்கும் குன்றுகளும் நமக்குக் கிடைத்த அருஞ்செல்வங்கள் என்பதை அனைவரும் அறிவோம். அவற்றைப் பேண வேண்டும் என்பதிலும் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எனினும், "யார் பேணுவது? எந்தச் சட்டத்தின் துணைகொண்டு பேணுவது? அதற்கு முதலில் செய்ய வேண்டுவது யாது?" என்று வினவினால் நம்மில் பலர் வாளாவிருக்கின்றோம். அரசு பார்த்துக்கொள்ளும் என்று சிலரும், கோயிலார் பார்த்துக்கொள்வர் என்று சிலரும் அமைதி அடைகின்றனர். இவ்விரு நம்பிக்கைகளுக்கும் இடையில் குன்றுகள் கல்லுடைப்பிற்கும், கல்வெட்டுகள் சுண்ணாம்பிற்கும் இரையாகின்றன.

இப்பாடத்தைப் படித்து முடிக்கும்போது மூன்று செய்திகள் நமக்குத் தெளிவாக வேண்டும். முதலாவது, ஓர் இடத்தைக் காக்கத்தக்கது என அறிவிக்கும் முறை. இரண்டாவது, அத்துறை வல்லுநர் வந்தால் எவற்றை வினவுவார் என்பது. மூன்றாவது, வல்லுநர் வருவதற்கு முன்னர் அவ்விடத்தின் அருகில் வாழும் நாம் செய்து முடிக்க வேண்டிய கடமை.

1. காப்பின் நான்கு படிகள்

ஏணிக்குப் படிகள் இருப்பது போலவே காப்பிற்கும் படிகள் உண்டு. 

முதற்படி ஊரின் பதிவு. கிராமக் கணக்கில் அவ்விடம் எந்தப் புல எண்ணில் உள்ளது, எவ்வகை நிலமாகக் குறிக்கப்பட்டுள்ளது என்பது இதில் அடங்கும்.

இரண்டாம் படி மாநில அரசின் காப்பு. தமிழ்நாட்டில் தொல்லியல் துறை 1961ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அரசு தொன்மைச் சின்னங்களைப் பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கலாம். உயிரினச் செல்வம் மிகுந்த இடமாயின், 2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, ஊராட்சி முதலிய உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம்.

மூன்றாம் படி நடுவணரசின் காப்பு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியத் தொல்லியல் துறை நாடு முழுவதும் 3,600க்கு மேற்பட்ட சின்னங்களைக் காத்து வருகின்றது. சித்தன்னவாசலும், குந்தவைப் பிராட்டியார் பெயரால் அமைந்த ஜினாலயம் விளங்கும் போளூர்த் திருமலையும் இவற்றுள் அடங்கும்.

நான்காம் படி உலகக் காப்பு. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பாகிய யுனெஸ்கோ 1972ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. நம் நாடு 1977ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. 1983ஆம் ஆண்டில் முதன்முதலாக அஜந்தா, எல்லோரா, ஆக்ரா கோட்டை, தாஜ்மகால் ஆகியவை இடம்பெற்றன. எல்லோராவின் 30 முதல் 34 வரையிலான குகைகள் சமணக் குகைகள் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. 1986ஆம் ஆண்டில் சேர்ந்த கஜுராகோவிலும், 1987ஆம் ஆண்டில் சேர்ந்த பட்டதக்கலிலும் ஜினாலயங்கள் உள்ளன. தமிழகத்தில் மாமல்லபுரம் 1984ஆம் ஆண்டிலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987ஆம் ஆண்டிலும், நீலகிரி மலை இரயில் 2005ஆம் ஆண்டிலும் இப்பட்டியலில் சேர்ந்தன. மேற்குத் தொடர்ச்சி மலை 2012ஆம் ஆண்டில் இயற்கைச் செல்வமாக ஏற்கப்பட்டது.

2. வல்லுநர் யாவர்? அவர் வினவுவது யாது?

உலகப் பட்டியலுக்கு ஓர் இடத்தை முன்மொழிவது ஒரு நாட்டின் அரசு. தனி மனிதரோ சங்கமோ நேராக யுனெஸ்கோவிற்கு எழுதிச் சேர்க்க இயலாது. அரசு முதலில் தற்காலிகப் பட்டியல் ஒன்றை அளிக்கும். அதிலிருந்து ஓர் இடத்தைத் தேர்ந்து விரிவான முன்மொழிவு நூலை ஆக்கி அனுப்பும். பண்பாட்டு இடமாயின் பாரிசு நகரை ஒட்டித் தலைமையகம் கொண்ட ஐகோமாஸ் என்னும் வல்லுநர் அமைப்பும், இயற்கை இடமாயின் சுவிட்சர்லாந்திலுள்ள ஐ.யு.சி.என். என்னும் அமைப்பும் அதனை ஆராயும். வல்லுநர் ஒருவரேனும் இடத்திற்கு நேரில் வந்து பார்ப்பார். இறுதியில் 21 நாடுகள் கொண்ட குழு முடிவு செய்யும்.

முன்மொழிவை ஆக்கித் தருவதற்கும் வல்லுநர் குழு வேண்டும். தொல்லியல் அறிஞர், கல்வெட்டு அறிஞர், பழங்கட்டடங்களைப் பேணக் கற்ற கட்டடக் கலைஞர், நிலவியலார், தாவரவியலார், சட்டம் அறிந்தவர் எனப் பலர் கூடிச் செய்யும் பணி அது. அவர்கள் பல நூறு பக்கங்கள் எழுதினும், அவையனைத்தும் ஐந்து வினாக்களுக்குரிய விடைகளே.

(அ) இவ்விடத்தின் சிறப்பு யாது? உலகப் பட்டியலுக்குப் பத்து அளவுகோல்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஆறு பண்பாட்டிற்கும், நான்கு இயற்கைக்கும் உரியவை. ஒன்றேனும் பொருந்த வேண்டும். "எங்கள் ஊர்க் கோயில் மிகப் பழமையானது" என்னும் விடை போதாது. இதனை ஒத்த பிற இடங்களோடு ஒப்பிட்டு, இது எவ்வகையில் தனித்து நிற்கிறது என்று காட்ட வேண்டும்.

(ஆ) இது மெய்யானதா? பழைய கல், பழைய வடிவம், பழைய பயன்பாடு ஆகியவை எவ்வளவு எஞ்சியுள்ளன என்பது இதன் பொருள்.

(இ) இது முழுமையாக உள்ளதா? சிலை இருந்து குன்று அழிந்திருப்பின் முழுமை குன்றியதாகும்.

(ஈ) இதன் எல்லை எது? சின்னத்தின் எல்லையும், அதனைச் சூழ்ந்த காப்பு வளையத்தின் எல்லையும் வரைபடத்தில் கோடிட்டுக் காட்டப்பட வேண்டும்.

(உ) இதனைக் காப்பவர் யார்? எந்தச் சட்டம், எந்த அலுவலகம், எந்த ஊரார், எவ்வளவு பொருள் என்று எழுத வேண்டும்.

முதல் வினாவிற்கு விடை கூற அறிஞரால் இயலும். மற்ற நான்கிற்கும் அவ்விடத்தில் வாழ்வோரின் துணையின்றி எந்த அறிஞராலும் விடை எழுத இயலாது. பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் நுழையும் பயிற்சி ஆசிரியர் கரும்பலகையின் முன் தடுமாறுவதைப் போல, ஊரின் குறிப்பு இல்லாத இடத்தில் வல்லுநரும் தடுமாறுவார்.

3. செஞ்சிக்கோட்டை தரும் பாடம்

நம் மடம் அமைந்த மேல்சித்தாமூருக்கு அண்மையிலுள்ள செஞ்சிக்கோட்டை, 2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. "மராத்தியப் படைத்துறை நிலப்பரப்புகள்" என்னும் பெயரால் முன்மொழியப்பட்ட 12 கோட்டைகளுள் அது ஒன்று. ஏனைய 11 கோட்டைகளும் மகாராட்டிர மாநிலத்தில் உள்ளன. அந்நாளில் இந்தியாவின் 44ஆவது உலகப் பாரம்பரிய இடமாக இத்தொகுதி ஏற்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் முன்மொழிவு அனுப்பப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் ஐகோமாஸ் வல்லுநர் செஞ்சிக்கு வந்து பார்வையிட்டு, பல ஆய்வுக் கூட்டங்களைக் கடந்து, ஏறத்தாழ 18 மாதங்களுக்குப் பின்னர் முடிவு கிட்டியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு செய்திகளைக் கற்கலாம்.

முதலாவது, தொடர் முன்மொழிவு என்னும் முறை. தனித்தனியே நின்றால் சிறியனவாகத் தோன்றும் இடங்களை ஒரே பொருளால் இணைத்துத் தொகுதியாக முன்மொழியலாம். தனி மணியின் மதிப்பு வேறு. கோத்த மாலையின் மதிப்பு வேறு. செஞ்சியையும் அறபிக்கடலோரக் கோட்டையாகிய சிந்துதுர்க்கத்தையும் இணைத்த நூல் மராத்தியரின் போர்முறை. 1677ஆம் ஆண்டில் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியதும், அவர் மைந்தர் இராசாராம் 1698ஆம் ஆண்டு வரை அங்கிருந்து முகலாயரை எதிர்த்து நின்றதும் அந்நூலின் இழைகள்.

இரண்டாவது, ஓரிடத்தில் பல வரலாறுகள் உறைந்திருக்கும். முன்மொழிவு அவற்றுள் ஒன்றையே எடுத்துச் சொல்லும் என்பது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தமிழ் எழுத்து வளர்ந்த வரலாற்றை ஆராய்வோர் போற்றும் பழமையான கல்வெட்டு அது. இளைய பட்டாரர் 30 நாள் நோன்பிருந்ததை மற்றொரு கல்வெட்டு தெரிவிக்கிறது. கோட்டையின் பெருமை பேசும் முன்மொழிவில் இத்தவத்தின் பெருமை இடம்பெறுமென எதிர்பார்க்க இயலாது. அது குறையன்று, அந்நூலின் பொருள் வேறு. தமிழ்ச் சமணத்தின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டுமாயின், அதனை எழுதுவதற்குரிய செய்திகளைத் திரட்டித் தரும் கடமை நம்முடையது.

ஜம்பை, திருநாதர்குன்று, திருமலை, சித்தன்னவாசல், மதுரைச் சமணர்மலை, அரிட்டாபட்டி என நம் குன்றுகளைக் கோத்தால் எத்தகைய மாலை அமையும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால், கோப்பதற்கு முன் ஒவ்வொரு மணியும் உடையாமல் இருக்க வேண்டும். அதற்குரிய பாடத்தை அரிட்டாபட்டி தருகிறது.

4. அரிட்டாபட்டி: ஏடும் ஊராரும்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலுள்ள அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பொறித்த சமணக் குகைத்தளமும், தீர்த்தங்கரர் திருவுருவமும், குடைவரைக் கோயிலும் உள்ளன. ஏழு குன்றுகளும், 72 ஏரிகளும், 200 இயற்கைச் சுனைகளும், ஏறத்தாழ 250 பறவை இனங்களும் கொண்ட பகுதி அது. இவையனைத்தையும் கணக்கெடுத்து, எல்லை வகுத்து, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களிலுள்ள 193.42 எக்டேர் நிலத்தை 2022ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதலிடம் அதுவே.

இரண்டாண்டுகள் சென்றன. 2024ஆம் ஆண்டு நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதி என்னும் பெயரால் 2,015.51 எக்டேர் நிலப்பரப்பில் சுரங்க உரிமைக்குரிய ஏலத்தில் ஒரு நிறுவனம் தேர்வாயிற்று. பாரம்பரியத் தலமும் அத்தொகுதிக்குள் அகப்பட்டிருந்தது. செய்தி அறிந்த ஊரார் திரண்டெழுந்தனர். அம்மாதமே கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றின. டிசம்பர் 9ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் நடுவணரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. அப்பகுதியின் உயிரினச் செல்வமும் பண்பாட்டுச் செல்வமும் அம்முடிவிற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அறிவிப்பு இருந்தும் ஏலம் நிகழ்ந்தது. ஆதலால் அறிவிப்பு ஒன்றே அரணாகிவிடாது. ஆனால், 2022ஆம் ஆண்டின் அறிவிப்பு இல்லாதிருந்தால், 2024ஆம் ஆண்டில் ஊரார் கையில் ஏந்திக் காட்டுவதற்கு என்ன இருந்திருக்கும்? "எங்கள் மலை அழகியது, பழமையானது" என்னும் சொல் மட்டுமே இருந்திருக்கும். எல்லையும் பரப்பும் சுனைகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருந்தமையால், அச்சொல்லுக்குச் சட்டத்தின் வலிமை கிட்டியது. ஊரார் இல்லாத ஏடு உறங்கும். ஏடு இல்லாத ஊரார் குரல் தேயும். இரண்டும் இணைந்தபோது குன்று காக்கப்பட்டது.

மற்றொரு செய்தியும் நெஞ்சை நெகிழ்விப்பது. மதுரைப் பகுதிச் சமணத் திருவுருவங்களின் அடியில் காணப்படும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் சிலவற்றில், செய்வித்தவர் பெயரோடு காப்பவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அரிட்டாபட்டித் திருவுருவத்தை அச்சணந்தி முனிவர் செய்வித்தார். அதற்கு 'ரட்சை'யாக, அதாவது காவலாக, பாதிரிக்குடியார் குறிக்கப்பட்டுள்ளனர். ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, "காப்பவர் யார்?" என்னும் ஐந்தாம் வினாவிற்கு விடையைக் கல்லில் எழுதி வைத்தவர் நம் முனிவர்.

5. நம் வட்டாரம்

2019ஆம் ஆண்டு நவம்பரில் தோன்றிய கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆண்டால் இளையது. அதன் குன்றுகளோ முதியவை. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையை நோக்குவோம். அங்கு ஊரார் தாசிமடம் என வழங்கிய குகைத்தளத்தில் 1981ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி அவ்வுறைவிடத்தை அளித்த செய்தியை அது கூறுகிறது. ஔவையார்க்கு நெல்லிக்கனி ஈந்தவனாகப் பள்ளிச் சிறார் அறிந்த அதே வள்ளலின் பெயர் அது. அதில் அவன் 'சதியபுதோ' எனக் குறிக்கப்படுகின்றான். அசோகரின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு குறிப்பிடும் சதியபுத்திரர் யாவர் என்று அறிஞர் நெடுங்காலமாக வினவி வந்தனர். ஜம்பையின் ஒற்றை வரி அதற்கு விடை தந்தது. 1981ஆம் ஆண்டிற்கு முன் அப்பாறையை எவரேனும் உடைத்திருந்தால், இழப்பு இன்னதென்றுகூட நாம் அறிந்திருக்க மாட்டோம். படிக்கப்படாத பாறை எதுவும் வெறும் பாறை எனத் துணியலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

களமருதூர் வட்டாரத்து நம் குடும்பங்கள் நன்கறிந்த தலம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டை. குன்றின்மீது பாறையில் எழுந்தருளிய பார்சுவநாதரை அப்பாண்டைநாதர் என்று போற்றி வணங்குகின்றோம். அங்கே சோழர் காலக் கல்வெட்டுகள் பலவுள. சூடாமணி நிகண்டு இயற்றிய மண்டலபுருடரின் ஆசானாகிய குணபத்திரரும் இத்தலத்தோடு தொடர்புபடுத்திப் போற்றப்படுகின்றார். வழிபாடு இன்றும் நிகழும் இத்தகைய தலங்களுக்குச் சிறப்பும் உண்டு, பொறுப்பும் உண்டு. பொறுப்பு யாதென்பதை அடுத்த பகுதியில் காண்போம்.

மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய அம்மலையிலிருந்தே கோமுகி, மணிமுத்தாறு ஆகிய ஆறுகள் சமவெளிக்கு இறங்குகின்றன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் காட்டையும் சுனையையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர். ஓரறிவுயிர் முதல் ஐந்தறிவுயிர் வரை எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை நம் அறம். ஆதலின் மரத்தையும் சுனையையும் காப்பது நமக்குப் புதிய கொள்கையன்று. முனிவர் உறைவிடங்கள் பலவற்றில் குகையருகே சுனை இருப்பதை நாம் காண்கின்றோம். குகையைக் காத்துச் சுனையை வற்றவிட்டால் தலத்தின் பாதியை இழந்தவர் ஆவோம். பண்பாடும் இயற்கையும் ஒருங்கே சிறந்த இடங்களை உலகப் பட்டியலும் கலப்பு வகை எனத் தனியே ஏற்கிறது. சிக்கிமிலுள்ள கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா 2016ஆம் ஆண்டில் அவ்வாறு ஏற்கப்பட்டது.

6. திருப்பணியும் மெய்த்தன்மையும்

கல்லுடைப்போரால் மட்டுமே தொன்மைக்குக் கேடு விளைகிறது என்று கருதுதல் பொருந்தாது. அன்பின் மிகுதியால் நாம் செய்யும் திருப்பணியாலும் கேடு விளைதல் உண்டு. கருங்கற் சுவரில் மணலை விசையுடன் வீசித் தூய்மை செய்தால், அழுக்கோடு எழுத்தும் தேய்ந்து போகும். அதிட்டானத்துக் கல்வெட்டின்மீது பளிங்கு ஓடு பதித்தால், அது கண்ணுக்கு மறைவதோடு, ஓட்டைப் பெயர்க்கும் நாளில் எழுத்தும் பெயரும். சுதைச் சிற்பத்திற்கு எண்ணெய் வண்ணம் பூசினால், சுண்ணாம்பு மூச்சுவிட வழியின்றி ஈரம் உள்ளே தங்கும். பாறைச் சிற்பத்தின்மீது கற்பூரப் புகை ஆண்டுக்கணக்கில் படிந்தால் முகம் மறையும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் வேண்டுகோளையொட்டி யுனெஸ்கோ வல்லுநர்கள் 2017ஆம் ஆண்டில் தமிழகக் கோயில்கள் சிலவற்றின் திருப்பணிகளைப் பார்வையிட்டனர். பயிற்சி பெற்றோர் போதாமையும், பழமையறிந்து பணி செய்யாமையும் அவர்கள் சுட்டிய குறைகளுள் அடங்கும். நம் ஜினாலயங்களில் திருப்பணி தொடங்குமுன், பழங்கட்டடக் கலை அறிந்தவரின் கருத்தைக் கேட்பது கட்டாயம் என்று ஒவ்வொரு கோயிற் குழுவும் விதி வகுத்துக் கொள்ளுதல் நன்று.

இவ்வாறு கூறுவதால் திருப்பணியே கூடாது என்பது கருத்தன்று. சித்தன்னவாசல் அறிவர் கோயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் அக்கோயிலைப் புதுப்பித்தார். தாம் செய்த பணியை அங்கேயே கல்வெட்டாகப் பொறித்தும் வைத்தார். எது பழையது, எது தம்முடையது என்பதைப் பின்வருவோர் அறியட்டும் என விட்டுச் சென்ற அவ்வாசிரியரின் நேர்மை நாம் பின்பற்றத்தக்கது. இக்காலத்து வல்லுநர் 'மெய்த்தன்மை' என்று கேட்பதும் இதனையே. வழிபாடு தொடரும் தலத்தில் பயன்பாடும் மரபும் சேர்ந்தே மெய்த்தன்மையாகும் என்பதை 1994ஆம் ஆண்டில் சப்பான் நாட்டு நாரா நகரில் கூடிய அறிஞர் ஏற்றுக்கொண்டனர். ஆதலின் நாள்தோறும் நிகழும் பூசையும், ஆண்டுதோறும் நிகழும் விழாவும் பதிவில் இடம்பெற வேண்டியவை.

7. அச்சங்களும் விடைகளும்

"காப்புச் சின்னமாக்கினால் வழிபாடு நின்றுவிடாதா?" என்பது பலருடைய அச்சம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, காக்கப்பட்ட வழிபாட்டிடத்தை அதன் தன்மைக்கு மாறாகப் பயன்படுத்தலாகாது என்று விதிக்கிறது. காப்பில் எடுக்கும் நாளில் வழிபாடு நடந்துகொண்டிருந்தால், அது தொடர்வதற்குத் துறை இடமளிக்கிறது. அந்நாளில் வழிபாடு இல்லையெனில், பின்னர் புதிதாகத் தொடங்குவதற்கு இசைவு கிடைப்பதில்லை. எனவே அச்சத்தால் விலகி நிற்பதைவிட, வழிபாடு நடப்பதற்குரிய சான்றுகளை இன்றே ஒழுங்குபடுத்தி வைப்பதே அறிவுடைமை.

"அருகில் வீடு கட்ட இயலாமற் போகுமே?" என்பது மற்றோர் அச்சம். இதில் உண்மை உண்டு. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நடுவணரசின் காப்புச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்ட வேண்டும். அடிவாரத்தில் வீடும் மனையும் உடையோர்க்கு இது சுமையே. அச்சுமையை அறியாதது போல நடித்து முன்மொழிந்தால், பின்னர் ஊரே பகையாகும். நம்மவர் மட்டுமன்றி, அடிவாரத்தில் வாழும் பிற சமயத்தாரையும் உழவரையும் அழைத்து, எந்தப் படியின் காப்பு நம் இடத்திற்குப் பொருந்தும் என்று முன்னரே கலந்து பேசுதல் வேண்டும். எல்லா இடத்திற்கும் உயர்ந்த படியே ஏற்றதாகும் என்பதில்லை. பட்டியல்களில் இடம்பெறாத சின்னங்களை ஊராரே பேணுவதற்கென, 1984ஆம் ஆண்டில் தோன்றிய இன்டாக் என்னும் பாரம்பரிய அறக்கட்டளை 2004ஆம் ஆண்டில் ஒரு நெறிமுறை வகுத்துள்ளது.

8. இல்லந்தோறும் செய்யத்தக்கவை

ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் அளவு நாடா, ஒரு கைப்பேசி ஆகியவை இருந்தால் ஒரு குடும்பம் இப்பணியைத் தொடங்கலாம்.

ஒன்று: இடத்தின் பெயரை எழுதுக. ஊரார் வழங்கும் பெயர், கல்வெட்டில் உள்ள பெயர், அரசுக் கணக்கிலுள்ள பெயர் ஆகியவை வேறுபடலாம், அனைத்தையும் எழுதுக.

இரண்டு: கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணை அறிந்து, 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். கல்லெடுக்கும் குத்தகை புல எண்ணைக் கொண்டே வழங்கப்படுகிறது. நம் குகை எந்த எண்ணில் உள்ளது என்பதை அறியாதவர், குத்தகை அறிவிப்பைக் கண்டும் அது தம் குன்று என அறியமாட்டார்.

மூன்று: நாற்புறமும் ஒளிப்படம் எடுத்து, நாளும் பெயரும் குறித்து வையுங்கள். கல்வெட்டை எடுப்பதாயின் காலையிலோ மாலையிலோ, ஒளி சாய்ந்து விழும் பொழுதில் எடுங்கள். எழுத்து தெளிவாகத் தோன்றும். சாக்கட்டியாலோ சுண்ணாம்பாலோ எழுத்தை நிரப்புதல் கூடவே கூடாது. மைப்படி எடுப்பதை அறிந்தவரிடம் விடுங்கள்.

நான்கு: சுனை எத்திங்களில் வற்றுகிறது, எம்மரங்கள் உள்ளன, எப்பறவைகள் வருகின்றன என்பனவற்றை ஓராண்டு முழுவதும் குறியுங்கள். உயிரியற் பன்மைச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் அமைய வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பேண வேண்டும். உங்கள் குறிப்பு அதில் இடம்பெறக் கோருங்கள்.

ஐந்து: வழிபாட்டு நாட்கள், விழாக்கள், முறைக்காரர், திருப்பணி நடந்த ஆண்டுகள் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். முதியோர் இருக்கும்போதே எழுதுங்கள்.

ஆறு: அறிஞர் எழுதியவற்றோடு ஒப்பிடுங்கள். ஏகாம்பரநாதனும் சிவப்பிரகாசமும் 1987ஆம் ஆண்டில் தமிழகச் சமணக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டுள்ளனர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தமிழகச் சமணத் தலங்களை ஒளிப்படங்களுடன் ஆவணப்படுத்தியுள்ளது. உங்கள் ஊர் அவற்றில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

ஏழு: குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றில் கூடும் கிராம சபையில், இன்ன புல எண்ணிலுள்ள இவ்விடத்தைக் காக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றிப் படி ஒன்றைப் பெற்று வையுங்கள்.

இவை நிறைந்த நோட்டுப் புத்தகம் வல்லுநரின் முன் வைக்கப்படும் நாளில், ஐந்து வினாக்களுள் நான்கிற்கு விடை அதில் இருக்கும். வல்லுநர் வராவிடினும் அது வீண்போகாது. பெயரப்பிள்ளைகளுக்கு அதனினும் சிறந்த சீர் யாது?

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊர் ஜினாலயம் அல்லது குகைத்தளம் எந்தப் புல எண்ணில் அமைந்துள்ளது?

2. அரிட்டாபட்டியில் 2022ஆம் ஆண்டு அறிவிப்பு இல்லாதிருந்தால், 2024ஆம் ஆண்டில் ஊரார் எவற்றைச் சான்றாகக் காட்டியிருக்க இயலும்?

3. உங்கள் கோயிலில் கடைசியாக நடந்த திருப்பணியில் எக்கல்வெட்டேனும் மறைக்கப்பட்டதா? இளங்கௌதமரைப் போல, செய்த பணி எழுதி வைக்கப்பட்டுள்ளதா?

4. தமிழ்ச் சமணக் குன்றுகளைத் தொடராக முன்மொழிவதாயின், அவற்றை இணைக்கும் பொருள் யாதாக இருக்கலாம்? நோன்பா, எழுத்தா, உறைவிடமா? இல்லத்தில் உரையாடி முடிவு செய்க.

5. உங்கள் குன்றிற்கு 'ரட்சை' யார்? அவர்கள் பெயர் எங்கு எழுதப்பட்டுள்ளது?

இறுதி வினாவிற்கு விடை எழுத இயலாதவர், வரும் கிராம சபை நாளுக்குள் எழுத முயல்வாராக. அச்சணந்தி முனிவர் செய்வித்த கல்வெட்டில் பாதிரிக்குடியார் பெயர் இருந்த இடத்தில், இத்தலைமுறையில் நம் ஊரார் பெயர் இடம்பெறட்டும்.

அறம் வளர்க!